தீவைச் சுற்றிவர ஒரு நல்ல நாள்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. அக்கா திட்டியதால் எழுதுகிறேன். போன மாதம் ஒரு மதியம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

"பதினஞ்சு வருஷமா எவனெவனையோ வெச்சுக் கதை எழுதுறே. முகம் தெரியாதவனை எல்லாம் கப்பல்ல ஏத்தி அனுப்புறே. கூடப் பொறந்தவளை ஒரு தீவைச் சுத்திக் கூட்டிட்டுப் போக உனக்கு வக்கில்ல."

"எழுதணுமா?"

"எழுது. நான் சுத்தி வந்துட்டதா எழுது. எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டு. அழுமூஞ்சிக் கதையா எழுதினே, கொன்னுடுவேன். அப்புறம், அவரை முட்டாளாக் காட்டக் கூடாது."

'அவர்' என்றால் அத்தான், அவள் கணவர். இரண்டு நிபந்தனைக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இது ஐந்தாவது வரைவு. முதல் நான்கும் குப்பைக் கூடையில் கிடக்கின்றன.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். எங்கள் நகரத்தில் இருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய ஏரி. நடுவில் ஒரு தீவு. சுற்றளவு பதினான்கு கிலோமீட்டர். கரையில் ஒரு படகுத்துறை. அங்கே துடுப்புப் பலகை வாடகைக்குக் கிடைக்கும். ஆள் நீளத்தைவிடப் பெரிய பலகை. அதன் மேல் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் தள்ளிப் போக வேண்டும். தீவின் முனையில் ஆரஞ்சு மிதவைகள் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பின்பக்கம் போக வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். திட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2

முதல் தொடக்கம்: "ஏரி அன்று கண்ணாடி போல—"

நிறுத்திவிட்டேன். அக்கா கண்ணாடிக் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். லென்ஸை ஓரம் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. ஏரியைக் கண்ணாடி என்று எழுதினால், "என்ன பவர்?" என்று கேட்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "தண்ணீரின் மேல் நிற்க வேண்டும் என்று மனிதன் ஆசைப்பட்ட நாளில் இருந்தே—"

இது கட்டுரை. பயம் வந்தால் நான் கட்டுரைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். பழக்க தோஷம்.

மூன்றாம் தொடக்கம்: "நாற்பத்து மூன்றாம் வயதில் அவள் கையில் இருந்து ஒரு திருகு கீழே விழுந்தது."

இது நிற்கும் என்று நினைக்கிறேன். இதிலிருந்தே போகலாம்.

3

மூக்குக் கண்ணாடியின் கால் மடங்கும் இடத்தில் இருக்கும் திருகு எள்ளளவுதான் இருக்கும். அதை இடுக்கியால் எடுத்து, துளையில் வைத்து முடுக்க வேண்டும். அக்கா அதைப் பேசிக்கொண்டே செய்வாள். அப்படிப்பட்டவள் கையில் இருந்து ஒரு நாள் ஒன்று விழுந்தது. காந்தத்தை வைத்துத் தரையில் தேடி எடுத்தாள். அடுத்த வாரம் ஒரே நாளில் நான்கு விழுந்தன. கண்ணில் கோளாறு என்று முடிவு கட்டி, தனக்குத் தானே ஒரு புதுக் கண்ணாடி செய்துகொண்டாள். அந்தக் கண்ணாடியின் திருகை அவளால் முடுக்க முடியவில்லை.

கோடைக்குச் சற்று முன்னால் டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்காத மனுஷி.

"தசை வலு போயிட்டே இருக்கிற வியாதி. கையில ஆரம்பிச்சிருக்கு. காலுக்கு வரும், முதுகுக்கு வரும். வேகம் எப்படின்னு என்னால சொல்ல முடியாது. ஏதாவது ஆசை இருந்தா இந்தக் கோடைக்குள்ள செஞ்சிடுங்க."

அத்தான் அவளைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டி வந்தார். கதவைத் திறக்கக் கையை வைத்தவள் திறக்காமல் நின்றாள்.

"தீவைச் சுத்தணுங்க."

"என்னது?"

"பன்னெண்டு வருஷமா லீவு நாள்ல போய்ப் போய் அதோட மூஞ்சியையே பாத்துட்டு வர்றேன். முதுகு எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அத்தான் சரி என்றார். அவர் சரி என்று சொன்னால் அது சும்மா சொல்லும் சரி அல்ல. அதுதான் வினையாகிப்போனது.

4

கதையில் அத்தானுக்குக் கையெழுத்து என்று பெயர். நான் வைத்ததல்ல, அவருடைய அலுவலகத்தில் வைத்தது. (அத்தான் என்று எழுதினால் மரியாதை வந்து என் கை அடங்கிவிடுகிறது. அதனால் கொஞ்ச நேரம் இந்தப் பட்டப்பெயர்.)

கையெழுத்துக்கு வேலை லிஃப்ட் பாதுகாப்புச் சோதனை. கம்பிவடத்தை விரலால் தடவிப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டை ஆட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். ஒன்று சரியில்லை என்றாலும் சிவப்புப் பூட்டு. பன்னிரண்டாம் மாடியில் முதலாளியே மாட்டிக்கொண்டு நின்றாலும் அவர் பேனாவைத் திறக்க மாட்டார். பரவாயில்லை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

டாக்டரைப் பார்த்த மறுநாள் மாலையே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். படகுத்துறை கேட்டது ஒரு பக்கத் திட்டம். அவர் நாற்பத்தொரு வரிகளில் எழுதினார். இரண்டு பேர் தாங்கும் பெரிய பலகை. அவள் முன்னால், அவர் பின்னால். வழியில் ஒதுங்க ஏழு இடங்கள். லைஃப் ஜாக்கெட்டின் தையல். துடுப்பு உடைந்தால் இன்னொரு துடுப்பு. அக்கா எதிரில் உட்கார்ந்து எண்களைச் சத்தமாகப் படிக்க, அவர் டிக் அடித்துக்கொண்டே போனார். அந்த முதல் இரண்டு வாரங்கள் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் அவருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

எடைச் சோதனை தனிக் கூத்து. லிஃப்ட்டில் ஏற்ற வேண்டிய எடையைவிடக் கால் பங்கு அதிகமாக ஏற்றித்தான் சோதிப்பார்கள். கையெழுத்து அக்காவின் எடையோடு கால் பங்கு கூட்டித் தண்ணீர்க் கேன்களை நிரப்பி, பலகையின் முன்பக்கம் கட்டி, கரையோரமாக மூன்று நாள் தள்ளிப் பார்த்தார். படகுத்துறைக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"சார், அக்காவைக் கூட்டிட்டு வாங்க சார். கேனைக் கூட்டிட்டு வராதீங்க."

"இன்னும் பதினேழாவது வரி முடியல" என்றார் கையெழுத்து.

பதினேழாவது வரி: காற்று. எதிர்க்காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. பத்து வருடக் காற்றுக் கணக்கை எங்கிருந்தோ வாங்கி வந்தார். தீவை நான்கு பக்கமாகப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். கிழக்குப் பக்கத்துக்கு எந்த நாள் உகந்தது, வடக்குக்கு எது, மேற்குக்கு எது, தெற்குக்கு எது. தினமும் காலையில் காற்று விவரத்தைப் பார்த்துவிட்டு நான்கு தாள்களிலும் குறிப்பார். நான்கும் ஒரே நாளில் டிக் ஆகும் என்று காத்திருந்தார்.

அவருக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை. தான் கையெழுத்துப் போட்ட ஒன்றில் அவள் ஏறி, அது கவிழ்ந்துவிடுமோ என்றுதான் பயம். இருபத்தேழு வருடமாக முகம் தெரியாதவர்களுக்காகப் பயந்த மனிதர். இப்போது பயப்படுவதற்கு வீட்டிலேயே ஆள் கிடைத்துவிட்டது.

கோடையின் முதல் மாதம் அக்காவால் மண்டியிட்டுத் துடுப்புப் போட முடிந்தது. இரண்டாம் மாதம் உட்கார மட்டும் முடிந்தது. சாய்வதற்கு ஒரு முதுகுப் பலகை வேண்டும் என்று நாற்பத்திரண்டாவது வரி வந்தது. மூன்றாம் மாதம் பக்கவாட்டில் சரிய ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று: சரியாமல் இருக்க இடுப்பில் பட்டை கட்ட வேண்டும். நாற்பத்து நான்கு: பட்டை கட்டக் கூடாது, பலகை கவிழ்ந்தால் அவளும் அதோடு தலைகீழாகப் போய்விடுவாள். இரண்டையும் எழுதியது அதே கை, அதே பேனா. இரண்டும் நியாயம்.

5

* காற்றைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் நீங்கள் படிக்காமல் போய்விடுவீர்கள் என்பதால் நடுவிலேயே போடுகிறேன்.

தீவின் கிழக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கிப் போக வேண்டும். தெற்கில் இருந்து காற்று வந்தால் சுகம், முதுகில் தள்ளும். ஆனால் மேற்குப் பக்கத்தில் தெற்கு நோக்கித் திரும்பி வர வேண்டும். அதே காற்று இப்போது முகத்தில் அடிக்கும். எந்த நாளில் போனாலும், எந்தப் பக்கமாகச் சுற்றினாலும், ஏதாவது ஒரு பக்கத்தில் எதிர்க்காற்று இருந்தே தீரும். காற்று எட்டுக்குக் கீழே இறங்கும் நாள் அந்த ஏரியில் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளப் பத்து வருடக் கணக்கு வேண்டாம். ஒரு கட்டடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தால் போதும்.

கையெழுத்துக்கு ஏன் புரியவில்லை? அவர் கட்டடத்தைச் சுற்றி நடப்பவர் அல்ல, உள்ளே மேலும் கீழும் போகிறவர். மூன்றாம் மாடிக் கதவை இன்று பார்ப்பார், ஏழாம் மாடிக் கதவை நாளை பார்ப்பார். தனித்தனியாகப் பார்த்து டிக் அடித்தால் முழுக் கட்டடமும் தேறிவிடும். தீவின் நான்கு பக்கங்களையும் நான்கு மாடியாக நினைத்துவிட்டார்.

இதுவரை எல்லா வரைவிலும் இருக்கிறது. இனி வருவது முதல் நான்கு வரைவிலும் கிடையாது.

எனக்குத் தெரியும். கோடையின் முதல் வாரத்தில், நான்கு தாள்களை அவர் மேசை மேல் பரப்பிய அன்றே எனக்குத் தெரியும். காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இது ஒருநாளும் நடக்காது என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. அவள் தண்ணீரில் போய்விடுவாளோ என்ற பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவளைப் போகாதே என்று சொல்லும் பாவி நானாக இருக்க வேண்டாம், அத்தானே இருந்துவிட்டுப் போகட்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படியே விட்டுவிடுகிறேன்.)

6

கோடை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு மதியம். அக்கா சோஃபாவில் தலையணைகளுக்கு நடுவில் இருந்தாள். நான் ஜன்னல் பக்கம். கையெழுத்து தாள்களோடு வந்தார்.

"கிழக்குக்குப் பதினாலாம் தேதி பிரமாதமா இருக்கு. மேற்குக்கு இருபத்தொண்ணு."

"அப்போ பதினாலாம் தேதி பாதி தூரம் போயிட்டு, ஒரு வாரம் தண்ணியிலயே உக்காந்திருந்து, இருபத்தொண்ணாம் தேதி மீதியா?" என்றாள் அக்கா.

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தாள்களையே பார்த்தாள்.

"என்னங்க. நாம வட்டமால்ல போறோம்."

"ஆமா."

"வட்டமாப் போனா ஒரு பக்கம் காத்து மூஞ்சியிலதான அடிக்கும்? எந்த நாள் போனாலும்?"

அவர் கிழக்குத் தாளைப் பார்த்தார். மேற்குத் தாளைப் பார்த்தார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதர் மூன்று மாதத்தை ஒரே நிமிடத்தில் திரும்பப் பார்ப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். இனி யாரிடமும் அதைப் பார்க்கக் கூடாது.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்" என்றேன்.

மறுநாள் காலை அவர் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லா வரியும் டிக் ஆகாமல் அவர் போட்ட ஒரே கையெழுத்து. மூவரும் ஏரிக்குப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தூக்கி உட்கார வைத்தார். பத்தடி போவதற்குள் இடது பக்கம் சரிந்தாள். பிடித்துக்கொண்டார். மறுபடி உட்கார வைத்தார். மறுபடி சரிந்தாள். மூன்றாவது தடவை இருவரும் தண்ணீரில் விழுந்து, அவர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தார். படகுத்துறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"தண்ணி வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

7

அது போன வருடம். இந்த வருடம் அவளால் கழுத்தையும் தனியாக நிமிர்த்திவைக்க முடியாது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் எவ்வளவு நாளைக்கோ தெரியாது.

இப்போது முடிவுகளுக்கு வருகிறேன். அவள் கேட்டது ஒன்று: சுற்றி வந்துவிட்டதாக எழுத வேண்டும்.

முடிவு அ: கோடையின் முதல் வாரத்தில், காபிக் கோப்பையோடு நின்ற தம்பி, "அத்தான், ஒரு பக்கம் எதிர்க்காத்து இருக்கத்தான் செய்யும், போயிட்டு வாங்க" என்று சொல்கிறான். அவர்கள் போகிறார்கள். மிதவைகளைத் தாண்டுகிறார்கள். வடக்கு முனையில் திரும்புகிறார்கள். அங்கே, தீவின் பின்பக்கத்தில்,

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வரைவும் இந்த இடத்தில்தான் நின்றன. இட்டுக்கட்டி எழுதலாம். ஆனால் அவள் நடுவில் நிறுத்திக் கேட்பாள், "மரம் தண்ணி வரைக்கும் வந்திருக்குமா? பாறை உண்டா?" என்று. நான் திணறினால் கண்டுபிடித்துவிடுவாள். படகுத்துறைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டேன். "முன்னாடி என்ன இருக்கோ அதேதான் சார்" என்றார்.

அதனால் போன வாரம் நானே போனேன். திட்டம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கரும்பலகையில் அன்றைய காற்று பதினாறு என்று எழுதியிருந்தது. அத்தான் வைத்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. படகுத்துறைக் கொட்டகை மூலையில் அத்தானின் கேன்கள் இன்னும் கிடந்தன. அவற்றை நிரப்பி முன்பக்கம் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டினேன் என்றால், முடியாமல் திரும்பிவிட வேண்டும் என்று விரும்பினேன். நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன். வடக்கு முனையில் அலை என்னைத் திருப்பி அனுப்பிவிடும், வந்து அத்தானிடம் "நல்லவேளை நீங்க போகல" என்று சொல்லலாம், கதையும் முடிந்துவிடும்.

சுற்றி வந்துவிட்டேன். ஆறரை மணி நேரம். மேற்குப் பக்கம் முழுக்க எதிர்க்காற்று. மண்டியிட்டுத் துடுப்புப் போட்டேன், இரண்டு இடத்தில் ஒதுங்கினேன், உள்ளங்கை கொப்புளித்தது, தோள் விட்டுப்போனது. அவ்வளவுதான். அவ்வளவேதான்.

தீவின் பின்பக்கத்தில் மரங்கள் தண்ணீர் வரைக்கும் வந்து வேர்களை உள்ளே விட்டிருக்கின்றன. ஓர் இடத்தில் தட்டையான பாறை, அதன் மேல் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பலகையில் இருந்து இறங்கி நிற்கலாம். சாலைச் சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை. கரையில் இருந்து பார்க்கும்போது தீவு கறுப்பாக இருக்கும்; பின்பக்கம் அது நல்ல பச்சை. அந்தப் பாறை மேல் நின்றுகொண்டு கேன்களைப் பார்த்து, "பாத்தியாக்கா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். யாரும் இல்லை.

போன வருடம் எந்த நாளில் வேண்டுமானாலும் போயிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியைத் தொட்டிருந்தால் போதும்.

8

இன்று படித்துக் காட்ட வந்திருக்கிறேன். பையில் இரண்டு காகிதக் கட்டு இருக்கிறது.

ஒன்றில், எழுத்தாளன் ஏரிக்குப் போகிறான், வடக்கு முனையில் அலை தூக்கியடிக்கிறது, உயிர் தப்பித் திரும்புகிறான். அத்தான் கணக்குப் போட்டது சரிதான் என்று ஆகிறது. பின்பக்கம் யாருக்கும் தெரியாமலே போகிறது. அதைப் படித்தால் அவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பாரோ அத்தனை வருடமும் தூங்கலாம்.

இன்னொன்று நீங்கள் இப்போது படித்தது. இதில் பாறை இருக்கிறது, பச்சை இருக்கிறது, அவள் கேட்ட முதுகு இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் நான் போய்வந்தேன் என்று சொல்ல வேண்டும். கேன்களோடு, பதினாறு காற்றில் போய்வந்தேன் என்று அவரும் கேட்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் படிக்கலாமே என்பீர்கள். போன மாதம் வரை இருந்தது; இப்போது அவர் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அவர் கை எடுத்தால் அவள் தலை சாய்ந்துவிடும்.

நான் பையைத் திறக்கும்போதே அத்தான் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான், உள்ளங்கையெல்லாம் தோல் உரிஞ்சிருக்கு?"

கையை மடக்கிக்கொண்டேன்.

"ஏரிக்குப் போனியா?"

"ம்."

அவர் அக்காவின் தலைக்குக் கீழே இருந்த கையை மாற்றி வைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"காத்து எவ்வளவு இருந்துச்சு?"

அக்கா என்னையே பார்க்கிறாள். அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பாவம் பார்த்துப் பொய் சொல்வதா, பாவம் பார்க்காமல் உள்ளதைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்குக் கொடுத்து யாரிடம் பிடுங்குவது என்று தெரியவில்லை. பதினைந்து வருடம் எழுதியதில் இதற்கு எதுவும் உதவவில்லை. நீங்கள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கட்டை எடுத்துக் கையில் கொடுப்பீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

"அவன் எதுக்கு வாயால சொல்லணும், அதான் எழுதிட்டு வந்திருக்கானே" என்கிறாள் அக்கா. "நீ படிடா."